தோன்றா எழுவாய்

ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட நூலகம்.
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.
வாசலில் ஈரச் சப்பாத்துகளின் குவியல்.
என் கோட்டில் ஒட்டிய தாளில்
'விருந்தினர்' சரியாக இருந்தது,
'மேகலா'வில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.

'ஊடகமும் மக்கள் தொடர்பும்' என்று
மேசைக்கு மேசை அட்டை.
டேரல் தன் கமெராவைக் கொண்டுவந்திருந்தார்;
அது போதும். ஏழாம் வகுப்பில் பாதி
அவர் தோளில் ஏறாத குறை.
வானொலியில் வானிலை வாசிக்கிறவள்
பிள்ளைகளின் பெயர்களைப் புயல்போல் வாசித்தாள்.
அங்கேயும் வரிசை.
எனக்கு ஒரு மடிகணினி, ஒரு கிண்ணம் டொபி.
மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவன் டொபிக்கு.

"நீங்கள் என்ன வேலை?"
நிறுவனங்கள் பேச வேண்டியபோது
அவற்றின் வாய் நான் என்றேன்.
"அப்போ பொய் சொல்வீர்களா?"
இல்லை.
கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

சரி, ஒரு பயிற்சி.
கற்பனையில் ஓர் ஐஸ்கிரீம் கொம்பனி.
வனிலாவில் கச்சான் கலந்துவிட்டது,
பெட்டியின் மேல் கச்சான் என்று இல்லை,
இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்,
வெளியே நிருபர்கள்.
பதினைந்து நிமிடம். எழுதுங்கள்.

டொபிக்கு வந்த கேலப் எழுதினான்:
மன்னிக்கவும், மன்னிக்கவும், அடுத்த பெட்டி இலவசம்.
ஒன்பது ஆச்சரியக்குறி. எண்ணினேன்.
சஹ்ரா முதலில் கொம்பனிக்குச் சின்னம் வரைந்தாள்,
அழுகிற கூம்பு.
குறை சொல்ல முடியாது,
நாங்களும் அங்கேதான் தொடங்குவோம்.

நிதுஷா எழுதவேயில்லை.
திரையில் நான் காட்டிய மாதிரியை
விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.
தவறு நிகழ்ந்துள்ளது.
வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.
பிறகு, மற்றவர்களுக்கு விளங்காமல், தமிழில்:
"ஆர் கலந்தது?
ஆர் வருத்தப்படுகினம்?"

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
பன்னிரண்டு வயதில் எனக்குப் புள்ளி போன கேள்வி:
தோன்றா எழுவாய் என்றால் என்ன?
'வந்தான்' என்றால்
அவன் வசனத்தில் இல்லை.
ஆனால் வினையின் வாலைப் பிடித்து இழுத்தால் வருவான்.
பதின்மூன்று வருடமாய் நான் எழுதிய வசனங்களை
இழுத்துப் பாருங்கள்,
பல்லிபோல
வால்தான் கையோடு வரும்.

அவள் இடுப்பில் ஒரு சின்னப் பை.
பென்சில் வைப்பது என்று நினைத்திருந்தேன்.
சிப் பாதி திறந்திருந்தது,
உள்ளே நீல மூடியோடு
தொடையில் குத்துகிற ஊசி.
வந்தவுடன் அவள் ஒரு டொபியை எடுத்து
கடதாசியின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு
திரும்ப வைத்தது
அப்போதுதான் நினைவில் ஏறியது.
நான் வாசிக்காமல் வாங்கியிருந்தேன்.

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் எழுதினாள்:
நாங்கள் கச்சானைக் கலந்துவிட்டோம்.
பெட்டியை இப்போதே எறியுங்கள்.
சாப்பிட்டிருந்தால் 911-ஐ அழையுங்கள்.
பிறகு எங்களைத் திட்டுங்கள்.

நான்கு வரி.
எங்கள் அலுவலகத்தில் இதற்கு
ஏழு பேர் ஒப்பம் வைக்க வேண்டும்.

காரின் கண்ணாடியில் பனி.
தொலைபேசியில் யாரோ அனுப்பிய அறிக்கை,
ஒப்புதலுக்கு:
விநியோகத்தில் தாமதம் ஏற்பட்டுள்ளது.
கையுறையைக் கழற்றி
முன்னால் 'நாங்கள்' என்று சேர்த்தேன்.
வசனம் பிழைத்துவிட்டது.
வாலையும் மாற்ற வேண்டியிருந்தது:
தாமதித்துவிட்டோம்.

நாலரைக்குள் சட்டப் பிரிவு
அதை வெட்டிவிடும்.
அனுப்பினேன்.