சுவருக்கு டிக்கெட் இல்லை

டொலீடோவில் ஏப்ரல் கடைசி.
ஏரிப் பக்கமிருந்து வரும் மழையில் இன்னும் பனித்துகள்.
இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
கண்ணாடி விற்றுப் பணம் சேர்த்த குடும்பத்தின் அணி;
அதைச் சொல்லிச் சிரிப்பதை எல்லோரும் நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பதினேழு ஆட்டம், இரண்டு வெற்றி.
இப்படித் தோற்றதற்கும் ஒரு பரிசு உண்டு:
நாட்டின் கல்லூரிப் பையன்கள் அத்தனை பேரிலும்
முதல் ஆள் எங்களுக்கு.
பத்து நிமிடத்தில் பெயர் சொல்ல வேண்டும்.

என் வேலை காந்தத் தகடுகள்.
ஒரு பையனுக்கு ஒரு தகடு:
பெயர், உயரம், எடை, நாற்பது கெஜம் ஓட எத்தனை நொடி.
முழங்காலில் கத்தி பட்டிருந்தால் ஓரத்தில் சிவப்புப் புள்ளி.
அவர்கள் சொல்லச் சொல்ல நகர்த்துவேன்.
என்னிடம் கருத்துக் கேட்பதில்லை.

"டேக்கிள்" என்கிறார் ஓஸ்ட்ரோவ்ஸ்கி.
முன்வரிசைக்குப் பயிற்சி தருபவர்.
மேசையில் ஊன்றிய பத்து விரல்களில்
நேரானது ஒன்றுகூட இல்லை.
"முதலில் சுவர். சித்திரம் பிறகு."

மார்கிட் ஹேவர்லி, உரிமையாளர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
"சுவரைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்?"
குரலில் ஏளனமில்லை, கணக்குத்தான்.
மேலடுக்கில் பதினோராயிரம் காலி நாற்காலி.
அவருக்கு வேண்டியது யூட்டாவிலிருந்து ஒரு குவார்ட்டர்பேக்.
அறுபது கெஜம் எறிவான்.
தோற்ற ஆட்டத்திலும் பல் தெரியச் சிரித்திருக்கிறான்.

"எறிகிறவன் ஒருவன், காக்கிறவன் ஒருவன்.
இருவரையும் தள்ளிக்கொண்டு போகிறவன் இருக்கிறானே,
அவன் வேண்டாமா?"
இது தடுப்பாட்டக்காரர் ரென்ஃப்ரோ.
போன வருடமும் இதையேதான் சொன்னார்.
அதற்கு முந்தைய வருடம் கேட்டுக் கெட்டோம்.

ஆறு நிமிடம்.

அப்போதுதான் கூரைக்கு மேல் அந்தச் சத்தம்.
தொம். த்தொம். தொம். த்தொம்.
மேல்மாடியில் நடைபயிற்சி எந்திரம்.
ஒரு கால் கனமாகவும் ஒரு கால் பயந்தும் விழுகிறது.
டேன் மக்கில்வேன்,
இன்றுவரை எங்கள் குவார்ட்டர்பேக்.

அக்டோபர் ஆட்டத்தின் அந்த நொடியை
நாற்பது முறை ஓட்டிக் காட்டியிருக்கிறேன்.
அவர் வலப்பக்கம் பார்க்கிறார், பந்து காதருகே,
இடப்பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவன்
முழங்கையூன்றிப் புல்லில் கிடக்கிறான்.
படத்தில் முழங்காலின் ஒலி பதிவாகவில்லை.
மைதானத்தில் எனக்குக் கேட்டது.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஓஸ்ட்ரோவ்ஸ்கி மட்டும் வளைந்த விரலால்
அந்தத் தாளத்தை மேசையில் தட்டத் தொடங்கி
பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.
டேக்கிளை எடுத்தால் மக்கில்வேனுக்குச் சொல்லும் மன்னிப்பு,
ஆறு மாதம் தாமதமாக.
குவார்ட்டர்பேக்கை எடுத்தால் அவருக்கு விடை,
மேல்மாடிவரை ஏறிப் போய்ச் சொல்ல ஆளில்லாத விடை.
இந்தக் கணக்குக்குத் தகட்டில் இடமில்லை.

இரண்டு நிமிடம் இருக்கையில்
மார்கிட் பெயரைச் சொன்னார்.
யூட்டா.
தொலைக்காட்சியில் பையன் அம்மாவைத் தூக்கிச் சுற்றினான்.
அறையில் கைதட்டினார்கள், ஓஸ்ட்ரோவ்ஸ்கியும்.
எந்திரம் எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு
கழுத்தில் துண்டோடு மக்கில்வேன் இறங்கி வந்தார்.
பலகையின் உச்சியில் புதுப் பெயரைப் படித்தார்.
"நல்ல கை" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"நாளைக்கு நமக்கு எத்தனையாவது?"
"முப்பத்து மூன்று."
"அதுவரைக்கும் மிஞ்சுகிற டேக்கிள் யார்?
இந்தப் பையனுக்கு இடப்பக்கம் காலியாக இருக்கிறதே."

ஏழு தகடு இருந்தது. வரிசையாக ஒட்டிக் காட்டினேன்.
ஒன்றில் சிவப்புப் புள்ளி.
அதை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு
மற்ற ஆறையும் மெதுவாகப் படித்தார்,
பாரம் முழுவதையும் வலது காலில் வைத்து.