இரண்டேகால் பஸ்

இந்தப் பாதையில் பன்னிரண்டு வருசம் ஓட்டுகிறேன்,
பாடசாலைக்குள் ஒருநாளும் போனதில்லை.
எனக்கு அதிபர் என்றால்
கரிப்பட்டமுறிப்பில், நடுறோட்டில்,
கால் அகட்டி நிற்கிற ஓர் ஆள்.

சீசன் பிள்ளைகளை ஏற்றி எங்களுக்கு என்ன வரும்?
நானும் மற்றவர்கள் போலத்தான்,
தூரத்தில் வெள்ளை உடுப்பைக் கண்டதும்
கியரை மாற்றி மிதித்தவன்.
குலவீரசிங்கம் சேர் விலகவில்லை.
பிரேக் பிடித்தபோது
பம்பருக்கும் அவர் பெல்ட்டுக்கும் ஒரு சாண்.
ஏசுவார் என்று பார்த்தேன்.
"றைவர் தம்பி, சாப்பிட்டாச்சோ?" என்றார்.

பிறகு எண்ணுவார்.
மிதிபலகையில் ஒரு கை, உதடு மட்டும் அசையும்.
இருபத்தேழு வரவேண்டும்.
"டிலக்சனா எங்க?"
செருப்பு அறுந்து பின்னால் வருகிறாளாம்.
அவள் வரும்வரை பஸ்ஸும் நிற்கும்.
யானை கடக்கிற இடம், நடந்து போகேலாது
என்பார், யாரிடம் என்றில்லாமல்.

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளி
நடுறோட்டில் ஆளில்லை.
கால் தானாகப் பிரேக்கில் போனது.
கரையில், பிள்ளைகளுக்குப் பின்னால்,
ஒரு சூட்கேஸ், கயிறு கட்டிய கடதாசிப் பெட்டி.
மாற்றமாம். மன்னார்ப் பக்கம்.
"ஏறுங்கோ, நேரம் போகுது."
ஒருத்தரும் அசையவில்லை.
முதலில் அவரே ஏறவேண்டியிருந்தது.

கொண்டக்டர் காசு வேண்டாம் என்றான்.
சில்லறையாக எண்ணிக் கொடுத்து
டிக்கெட்டையும் கேட்டு வாங்கினார்.
இருக்கை கொடுத்தார்கள், இருக்கவில்லை.

ஒலுமடு வரக் கண்ணாடியில் பார்த்தேன்:
உதடு அசைந்துகொண்டிருந்தது.
இருபத்தெட்டில் நின்று,
புருவம் சுருக்கி,
திரும்பவும் முன் சீட்டிலிருந்து.