விடுதலைப் பத்திரம்

திருத்துறைப்பூண்டி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
தகரக் கொட்டகை என்னுடையது.
ஒரு கணினி, முக்கி முனகும் அச்சுப்பொறி,
மை காயாமலிருக்க ஈரத்துணி போட்டு மூடிய டப்பா.
முப்பத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.

கூடப்பிறந்தவள் தன் பங்கை
அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்து விலகும் தாளுக்கு
விடுதலைப் பத்திரம் என்று பெயர்.
யார் வைத்ததோ.
யாருக்கு, யாரிடமிருந்து என்று நான் கேட்டதில்லை.
தையிலும் ஆவணியிலும் அதற்கு நல்ல ஓட்டம்.

சட்டம் எனக்குத் தெரியும்.
மேட்டூரில் திறக்கிற தண்ணீர் அது.
முப்பத்தேழில் கசிந்தது:
கைம்பெண் கண்மூடும்வரை அனுபவிக்கலாம், விற்கக்கூடாது.
ஐம்பத்தாறில் அப்பன் சம்பாத்தியத்தில் கணுக்கால் அளவு.
எண்பத்தொன்பதில் சென்னையில் மதகைத் தூக்கினார்கள்,
முன்னமே தாலி ஏறியவளுக்கு மட்டும்
ஒரு பலகையை இறக்கிவிட்டு.
இரண்டாயிரத்தைந்தில் டெல்லியில் அதையும் உருவினார்கள்.
ஒவ்வொரு பலகைக்கும்
எத்தனை பெண்கள் மனுவோடு படியேறினார்கள்,
எத்தனை பேர் வெயிலில் கொடி பிடித்தார்கள்
என் கெஜட் கட்டில் அந்தக் கணக்கு கிடையாது.

நாங்கள் கடைமடை.
கல்லணை தாண்டி, கோரையாறு தாண்டி
எங்கள் கன்னி வாய்க்காலுக்கு வருவதற்குள்
வழியெல்லாம் வெட்டு.
ஆடிச் சீர் ஒரு வெட்டு.
காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டாமா, அது ஒரு வெட்டு.
"கோர்ட்டுக்குப் போனவளுக்குப் பொறந்த வீட்ல ஏது வாசப்படி"
அது உடைப்பு. அதை அடைக்க மணல்மூட்டை போதாது.

என் பத்திரத்தை நானேதான் தட்டினேன், இரண்டாயிரத்தாறில்.
சட்டம் வந்து பத்து மாதம்.
நாலு மா நன்செய்க்கு ஒரு ஆரணிப் பட்டு.
ஒற்றுப்பிழைகூட இல்லை.
"முழு மனதுடன்" என்ற இடம் வந்தபோது
தம்பி டீ வாங்கிவந்து தாள்மேல் வைத்தான்.
ஆறிவிடுமே என்று குடித்தேன்.

நேற்று அபயாம்பாள் வந்தாள்.
அறுபதை நெருங்குகிறவள்.
அண்ணன் வயலிலேயே கூலிக்கு நாற்று நடுகிறவள்.
கட்டைவிரல் ரேகையைச் சேறு தின்றிருந்தது.
அண்ணன் ராசாங்கம், அவர் மகன், சாட்சிக்கு இரண்டு பேர்,
மஞ்சள் பையில் புடவை.
மையில் அழுத்திய விரலைத்
தாளுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி
"என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றாள்.

இதுவரை
வாங்குகிறவன்தான் படிக்கச் சொல்வான்.

கிழக்கே பிடாரியம்மன் கோயில் நிலம்
"அம்மன் பேர்ல பட்டா இருக்கா?"
இருக்கு.
"அவளுக்கு அண்ணன் தம்பி இல்லபோல."
ஒரு சாட்சி சிரித்துவிட்டு
மின்விசிறியைப் பார்த்தார்.
மேற்கே பொது வாய்க்கால், வடக்கே களம்,
தெற்கே பஞ்சாயத்து ரோடு,
இந்நான்கெல்லைக்குட்பட்டதில் எனக்குள்ள சகல பாத்தியதைகளையும்
எவர் தூண்டுதலுமின்றி, முழு மனதுடன்
"அது யார் சொன்னது?"
எது?
"முழு மனசு."

கொள்முதல் நிலையத்துக்கு நெல் லாரி ஒன்று போனது.
அது போய் முடியும்வரை ஒருவரும் பேசவில்லை.

புடவைப் பையிலேயே விரலைத் துடைத்தாள்.
"மூணரை பஸ்ஸு போயிடும்."
அபயம், என்று கூப்பிட்டார் ராசாங்கம்.
இரண்டாம் முறை கூப்பிட்டபோது குரல் வேறு.
அதற்கும் அவள் திரும்பவில்லை.

தட்டச்சுக் கூலி கேட்டேன். முறைத்துக்கொண்டே கொடுத்தார்.
முத்திரைத்தாள் பணம் திரும்ப வேண்டுமென்றால்
மனு எழுதணும், அதற்குத் தனி, என்றேன்.

சாயங்காலம் கடையடைக்குமுன்
பீரோவின் அடித்தட்டிலிருந்து என் நகலை எடுத்தேன்.
டீ டம்ளர் வட்டம் மங்காமல் இருக்கிறது.
அந்த இடத்தில் நிறுத்தி
யார் சொன்னது, என்று
சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல.
பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் எட்டிப் பார்த்து
"என்னக்கா?" என்றான்.