தரப்பு

சேலம் கோட்டாட்சியர் அலுவலகத்தில்
வருடத்துக்கு ஒருநாள் எனக்கொரு நாற்காலி.
எதிரே மடித்து நிறுத்திய அட்டை:
"இஸ்லாமியர் தரப்பு".
மற்ற நாளெல்லாம்
செவ்வாய்ப்பேட்டையில் பல் பிடுங்குகிறேன்.

அமைதிக் குழுவில் பெண்கள் வேண்டுமென்று
சுற்றறிக்கை வந்ததாம்.
முத்தவல்லி ஜியாவுதீன் வீடு தேடி வந்தார்.
ஜமாஅத் தேர்தலில் எனக்கு ஓட்டே கிடையாதே என்றேன்.
"ஓட்டு வேறம்மா, இது கவர்மெண்ட்"
என்றார், டீயை ஊதிக்கொண்டே.

மேசைக்கு அந்தப்பக்கம் தர்மகர்த்தா தண்டபாணி.
கீழ்த்தாடையில் இரண்டு வேர்ச்சிகிச்சை,
ஒன்றுக்கு இன்னும் பணம் பாக்கி.
பக்கத்தில் போதகர் எபநேசர்.
ஊசியைக் கண்டால் சங்கீதம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.
இரண்டு வாய்க்குள்ளும் போய் வந்தவை இந்த விரல்கள்.
இங்கே நாங்கள் ஒருவரையொருவர்
"அந்தத் தரப்பு நண்பர்" என்று சொல்லிக்கொள்கிறோம்.

பேச இருந்தது ஒன்றுதான்.
மூக்கனேரிக்குப் போகிற பிள்ளையார் ஊர்வலம்
பள்ளிவாசல் தெருவைத் தாண்டும்போது
மேளம் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும்?
பத்து என்றது ஒரு குரல். மூன்று என்றது ஒன்று.
சமோசா வந்தது.
லீ பஜாரில் மூட்டைக்கு விலை படிவதுபோல்
ஏழில் படிந்தது மௌனம்.

"அஸர் பாங்கு எத்தனை மணிக்கு?"
கோட்டாட்சியர் பேனாவைத் திறந்தார்.
எந்த அஸர் என்று கேட்டுத் தொலைத்தேன்.
முனைப் பள்ளிவாசல் ஹனஃபிகளுடையது,
நிழல் இரண்டு மடங்காகும்வரை பொறுப்பார்கள்.
நடுத்தெருவில் ஷாஃபிகள், ஒரு மடங்கு போதும்.
இடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.
"உங்களுக்குள்ளயே ஒரு டைம் பேசி வச்சுக்கக் கூடாதாம்மா?"
ஆயிரத்துச் சொச்சம் வருடமாகப்
பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் சார்
என்று நான் சொல்லவில்லை.
அவருடைய பதிவேட்டில் நிழலுக்குக் கட்டம் இல்லை.
நாலரை என்று எழுதிக்கொண்டார்.

தண்டபாணி மட்டும் சிரித்தார்.
"பெருமாள் கோயில் யானைக்கு எந்த நாமம்னு
கோர்ட்டுக்குப் போன கதைதானா டாக்டர்?"
நானும் சிரித்தேன். போதகர் எழுந்து
ஜன்னலைத் திறந்துவிட்டார், ஏனோ.

இரவில் சுமையா கேட்டாள்:
"நீ சுபுஹுக்குக் கண்ணே திறக்க மாட்ட.
நீ எப்படிம்மா தரப்பு?"
போன மாசம் அஸ்தம்பட்டியில் வாடகைக்கு வீடு கேட்டபோது
என் தொழுகையை யாரும் விசாரிக்கவில்லை, கண்ணு.
பெயரைச் சொன்னேன்.
இப்பத்தான் வேறொருத்தருக்கு முடிஞ்சது என்றார்கள்.
நேற்றும் அந்தப் பக்கம் போனேன்,
பலகை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.
இதையெல்லாம் அவளிடம் சொல்லாமல்
தட்டை நகர்த்தி வைத்தேன்.

ஊர்வலம் தாமதமாக வந்தது.
பாங்கு சொல்லி, தொழுது முடித்து,
செருப்பில் ஒரு கால் நுழைத்து நின்றார்கள் எங்களவர்கள்.
ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே.
இன்ஸ்பெக்டர் கை உயர்த்த, மேளம் நின்றது.
யாருக்கும் தேவைப்படாத ஏழு நிமிடம்
தெரு முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது.

ஜெனரேட்டர் மட்டும் இரைந்தது.
பிள்ளையார் தலைக்குமேல் பல்ப் மாலை
நீலமாகி, சிவந்து, மறுபடி நீலமானது.
போலீஸ் கேமரா ஒவ்வொரு முகமாக
மெதுவாக நகர்ந்து வந்து
என்னிடம் சற்றே தங்கியது.

அப்போதுதான்
பொன்னம்மாப்பேட்டை பேண்டு செட்டில்
பெரிய டிரம் கட்டியிருந்த பையன்
கன்னத்தைப் பிடித்தபடி என்னிடம் வந்தான்.
நெற்றி நிறையக் குங்குமம்.
"டாக்டர்தானே நீங்க? மூணு நாளா உசிரு போகுது."
வாயைத் திற என்றேன்.
டிரம்மின் மேல் சாய்ந்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
கடைசியில், இடமில்லாத இடத்தில்,
பக்கத்துப் பல்லை இடித்துக்கொண்டு
குறுக்காக முளைத்துக்கொண்டிருந்தது ஞானப்பல்.
இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.
"என்னம்மா பிரச்சனை அங்க?" என்றது வாக்கி-டாக்கி.

பிடுங்கத்தான் வேண்டும், நாளைக்கு வா என்றேன்.
விசில் ஊதியது. குச்சிகள் எழுந்தன.
"எத்தனை மணிக்கு?" என்று கத்தினான்.
சொன்னேன்.
மேளத்தில்
அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை.