எடை குறைந்த வெள்ளி

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்
இரவு இரண்டு மணிக்கு
பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிற பால் லாரிகளை நிறுத்தி
கொஞ்சம் எடுத்து, சொட்டு மருந்து விட்டு
குலுக்கிப் பார்ப்பது என் உத்தியோகம்.
யூரியா, மாவு, சோடா.
பால் பொய் சொன்னால் நிறம் மாறும்.
ஓணத்துக்கு முந்தின வாரம்
நிறைய நிறம் மாறும்.

காசு சேர்ப்பது வேறு.
அது இருபத்தேழு வருஷம்.
முதல் காசு,
கொழிஞ்சாம்பாறைப் பழைய இரும்புக் கடையில்
ஹனீபா ராவுத்தர்
பித்தளைத் தாழ்ப்பாள்களோடு சேர்த்து
நிறுத்துக் கொடுத்தது.
சதுரச் செம்பு. ஒரு பக்கம் யானை,
மறுபக்கம் வில்லும் அம்பும்.
அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அப்படித் தூங்காத ராத்திரிகள்
எப்போது தீர்ந்தன என்று குறித்துவைக்கவில்லை.
மற்றதெல்லாம் குறித்திருக்கிறேன்:
நானூற்றுப் பன்னிரண்டு காசு,
ஒவ்வொன்றுக்கும் அட்டை, உறை, வரிசை எண்.
நகக்கண்ணில் ஒளிந்துகொள்ளும்
வீரராயன் பணம்கூட
தன் பெட்டியில் தன் இடத்தில்.
போன ஆடியில் வந்த பார்சலைப்
பதினொரு நாள் பிரிக்கவில்லை.
அதன்மேல் கரண்ட் பில்லை வைத்தேன்,
பில்லின்மேல் மூக்குக் கண்ணாடியை.

"விற்றுகளஞ்ஞூடே சேச்சீ?" என்றாள் சஜிதா,
கூட வேலை பார்ப்பவள்.
விற்றிருப்பேன்.

சரிபார்க்கப் போயிருந்த ஆய்வகத் தராசு
திரும்பி வந்தது அந்த வாரம்தான்.
எடை தெரிந்த ஏதாவது ஒன்றை
வைத்துப் பார்க்கலாமே என்று
ரோமாபுரி வெள்ளியைக் கொண்டுபோனேன்.
பொள்ளாச்சி மருதாசலத்திடம்
பத்தொன்பது வருஷத்துக்கு முன்
இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியது.
மூன்றரை கிராமுக்குக் கீழே போகக் கூடாது.
இரண்டு புள்ளி எட்டு ஒன்று.
தராசைத் திட்டினேன்.
துடைத்தேன். மறுபடி வைத்தேன்.
இரண்டு புள்ளி எட்டு ஒன்று.

வாங்கின அன்று
என் சந்தோஷத்தைத்தான் நிறுத்திருக்கிறேன்,
காசை அல்ல.

லென்ஸில் பார்த்தால்
மன்னன் காதுக்குப் பின்னால்
ஊசி குத்தின அளவு பச்சை.
மேலே வெள்ளித் தோல், உள்ளே செம்பு.
ஆனால் அந்தப் பச்சை நேற்றைய பச்சை இல்லை.
கள்ளத்தனமும் இரண்டாயிரம் வருஷப் பழசு.
பெயரில் ஓர் எழுத்து திரும்பி நிற்கிறது.
வெட்டினவனுக்கு வாசிக்கத் தெரியாது.
கடலுக்கு அந்தப்புறம் உட்கார்ந்து வெட்டினானோ,
இங்கே, காற்று மலையைப் பிளந்து வரும்
இந்தக் கணவாயிலேயே
மிளகு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தோ,
எந்தச் சாவடியும் அவனை நிறுத்தவில்லை.

அன்று ராத்திரி தூங்கவில்லை.

லாரிக்கும் லாரிக்கும் நடுவில்
நானூற்றுப் பன்னிரண்டையும் நிறுத்தேன்.
நோட்டில் புதுசாக ஒரு பத்தி கோடிட்டேன்.
மூன்று பொய், நான்கு சந்தேகம்.
மூன்றில் ஒன்று போன வருஷத்து வார்ப்பு,
விளிம்பில் இட்லித்தட்டு மாதிரி ஒட்டு.
தனியாகச் சிரித்தேன், வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.
நீல வெல்வெட் தட்டைக் காலி செய்து
பொய்களுக்குக் கொடுத்தேன்.
நல்ல ராஜாக்கள் இப்போது
எவர்சில்வர் டிபன் டப்பாவில்.

மருதாசலத்துக்குப் போன் போட்டேன்.
"நீங்க குடுத்த வெள்ளி பொய்ங்க."
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"சீலி மேடம், திருப்பிக் குடுத்துருங்க,
பணம் தந்துடறேன். பேரு கெட்டுப்போகும்."
"தரமாட்டேன்.
இது மாதிரி வேற இருக்கா?"
வைத்துவிட்டார்.
இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்,
குரலைத் தாழ்த்தி,
"ஒண்ணு இருக்கு."

நேற்று விடியற்காலை
ஒரு லாரிப் பால் ரோஜா நிறமானது.
டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான்.
"நான் ஓட்டுறவன் மட்டுந்தாங்க்கா,
உங்களுக்குத் தெரியாததா."
தெரியும்.
கலந்தவனை எனக்குப் புரியக்கூடச் செய்கிறது
இந்தக் கொஞ்ச நாளாக.
அவனிடம் சொல், இரண்டாயிரம் வருஷம் கழித்து வரட்டும்,
வெல்வெட்டில் வைக்கிறேன்.

திருப்பி அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.
இதைக் குடிக்கிற பிள்ளைக்கு
வயிறு இன்றைக்கு இருக்கிறது.