மணிக்கு ஐந்து கிலோமீட்டர்

எடை எட்டு டன்.
வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்,
இறக்கத்தில் ஆறு.
பதினொரு வருடமாய் இதைத்தான் ஓட்டுகிறேன்.

புதுவயல் சாலையில் ஜல்லி அமுக்கிக்கொண்டிருந்தேன்.
எஸ்.ஐ. பொன்னழகி போன் போட்டார்:
“ரோலரை கானாடுகாத்தானுக்குக் கொண்டாங்க அடைக்கலம்,
நசுக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு.”
விடியக் கிளம்பி மத்தியானம் சேர்ந்தேன்.
வழியில் ஒரு கீதாரியின் ஆடுகள்
என்னை முந்திப் போயின.

பேரூராட்சி வாசலில் தார்ப்பாய்.
அதன்மேல் சைலன்சர்கள்,
ஊத ஆளில்லாத நாயனங்கள் மாதிரி வரிசையாக.
செயல் அலுவலர் தீர்மானம் எண் பதினேழை வாசித்தார்:
வீதியை மறித்தல், ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டுதல்,
ஊரணிக்குள் ஜீப் இறக்குதல்,
இவை யாவும் இன்று முதல்
என்றபோது மைக் செத்தது.
தட்டினார்கள். மறுபடி
‘யாவும்’ என்பதிலிருந்து தொடங்கினார்.

நடந்தது இதுதான்.
இங்கே வீதிகள் நூல் பிடித்துப் போட்டவை.
இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல்,
இரண்டிலும் பூட்டு.
சிங்கப்பூரில் இருப்பவருக்கு இங்கே தூக்கம் கெடாது.
சனிக்கிழமை ராத்திரிகளில்
இரு முனையிலும் பைக்கைக் குறுக்கே போட்டு
நடுவே டயரால் வட்டம் எரித்தார்கள்.
தார் போட்டவன் நான், எனக்குத் தெரியும்
அது எத்தனை ரூபாய் வட்டம் என்று.

ஒரு சனிக்கிழமை, வலியெடுத்த பெண்ணோடு வந்த ஆட்டோ
ஊரைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.
பிள்ளை பாதி வழியில் பிறந்தது. நலம்.
ஆட்டோக்காரர் ரிஸ்வான் மனு கொடுத்தார்.
பச்சை மையில் எழுதக்கூடாது என்று
திருப்பி அனுப்பி
நீலத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

அதை வைக்க அலமாரியைத் திறந்தபோது
இன்னொரு மனு விழுந்ததாம்:
மகர்நோன்புப் பொட்டலில் வண்டி ஓட்டிப் பழக
ஞாயிறு மட்டும் அனுமதி வேண்டி,
பதினாறு பையன்களின் கையெழுத்து,
போன வருடத் தேதி.
அதை மைக்கில் வாசிக்கவில்லை.

ஏறினேன். கியர் போட்டேன்.
பெரிய சத்தம் வருமென்று பையன்கள் போனை நீட்டினார்கள்.
வரவில்லை.
எட்டு டன்னுக்குக் கீழே எதுவும் கத்துவதில்லை.

பட்டியலில் நாற்பத்தொன்று.
பொன்னழகி எண்ணினார், நாற்பது.
மறுபடி எண்ணினார்.
கவுன்சிலர் வயிரவனின் அக்காள் மகன்
நிழலாகப் பார்த்து நின்றுகொண்டான்.
கவுன்சிலரின் வெள்ளைக் கார் எனக்குப் பின்னால்,
டிக்கி இடுக்கில் ஒரு சாக்கின் காது.

“அடைக்கலம், கொஞ்சம் பின்னால வாங்க.”
“பின்னால காரு நிக்குதும்மா.”
“வாங்க.”

போனேன்.
என் வேகம்தான் உங்களுக்குத் தெரியுமே.
கவுன்சிலர் முதலில் சிரித்தார்.
பிறகு கை காட்டினார்.
பிறகு சாவியைத் தேடினார்,
சட்டையில், வேட்டி மடிப்பில், மறுபடி சட்டையில்.
அவருக்கு நேரம் நிறையவே இருந்தது.
பம்பருக்கு ஒரு முழம் இருக்கும்போது
டிக்கி திறந்து
சாக்கு வந்து தார்ப்பாயில் விழுந்தது.
நாற்பத்தொன்று.
யாரும் கை தட்டவில்லை. ரிஸ்வான் மட்டும்
மூக்கைச் சொறிவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

திரும்பும்போது வீதி முழுக்க என் பின்னால்:
மினி பஸ், பால் வண்டி, கல்யாண வேன்,
எல்லாம் ஹாரன்.
அன்று மாலை வீதியை மறித்தவன் நான்தான்.
வண்டி பறிபோன சொர்ணமுத்து
பக்கத்தில் நடந்து வந்தான். பதினேழு வயது.
“அண்ணே, இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?”
ஆடியோடு முடிந்துவிட்டது.
நான் இன்ஜின் சத்தத்தில் கேட்காதவனானேன்.
“ஏறிக்கவா? பள்ளத்தூர் வரைக்கும்.”
டிரைவரைத் தவிர ஆள் ஏறக்கூடாது என்று
தகட்டில் எழுதியிருப்பதைக் காட்டினேன்.

வாசித்தான். செருப்பை உதறிப் போட்டுக்கொண்டான்.
ஜீப்புகள் உடைத்த ஊரணி வரத்துக்கால் அருகே
இறங்கிப் பார்த்தான் கொஞ்ச நேரம்.
நாளை நான் அமுக்க வேண்டிய கரை அது.
அப்புறம் மேலேறி
எட்டி நடந்து
என்னை முந்திப் போனான்.