மூடி

காட்பாடி ரிஜிஸ்தர் ஆபீசில்
கையெழுத்தெல்லாம் முடிய மணி ஒன்றரை.
ஆறு பேர், ஒரே ஆம்னி வேன்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
மாடி ஏசி ஹாலில் போய் உட்கார்ந்தோம்.
பிரியாணி சொல்லிவிட்டு
பையிலிருந்து எடுத்தேன்
ஹார்லிக்ஸ் பாட்டிலை.

பன்னீர் திராட்சை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு.
கிறிஸ்துமசுக்கு முன்னால்
எங்கள் வீட்டில் யாரும் தொடாத ஜாடி.
இது ஜூலை.
“கடையில வாங்கினேன்னு சொல்லு”
அவ்வளவுதான் சொன்னாள்
டவலில் சுற்றித் தந்த அம்மா,
வராத அம்மா.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் எந்தக் கடை ஒயின் விற்கிறது?

ஹெப்சிபா ஒன்றும் கேட்கவில்லை.
மூடியைத் திருகினாள், வரவில்லை.
முந்தானையை வைத்துத் திருகினாள், வரவில்லை.
அம்மா எதையும் அப்படித்தான் மூடுவாள்.
இம்தியாஸ் வாங்கி
மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டித் திறக்க
கிராம்பு வாசனை
ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த வங்காளக் குடும்பத்தின்
மேசைவரை போய்
அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பில்லின் கடைசி வரி:
இதரம் – 300.

“அது என்ன இதரம்?”
“வெளி பாட்டில் சார்.”
மேனேஜர் குடியாத்தத்துக்காரர்,
நெற்றி வியர்வையை ஏசியிலும் துடைத்துக்கொண்டார்.
“கார்க்கே கிடையாது, தகர மூடி.
திறந்தது நாங்க, ஊத்தினது நாங்க.
அஞ்சு கிளாஸ் கழுவ முன்னூறா?”
குரலை இறக்கினார்.
“திறக்கறதுக்கு இல்ல சார்.
நாங்க கண்ண மூடிக்கறதுக்கு.
இங்க லைசென்ஸ் கிடையாது.”

நான் விடவில்லை.
நூற்றைம்பதுக்கு அவர் இறங்கிவரும் நேரம்
ஒரு சொட்டும் தொடாத இம்தியாஸ்,
பன்னீர் சோடாவைத் தள்ளி வைத்துவிட்டு
மூன்று நூறுகளை பில்மேல் வைத்தான்.
“விடுங்க மச்சான்.
மேல்விஷாரத்துல எங்க வீட்ல
இதுக்கு வெலையே சொல்லல.”

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு ஹெப்சிபா சிரித்தாள்,
மூக்கில் ஏறி இருமும்வரை.

அடியில் ஒரு விரற்கடை மிச்சம்.
அதை அவள் ஊற்றிக்கொள்ளவில்லை.
மூடினாள், பல்லைக் கடித்துக்கொண்டு,
இரண்டு கையாலும்.
“அம்மாகிட்ட குடு.
கடையில பாட்டில
திருப்பி எடுத்துக்குவாங்களாம்னு சொல்லு.”

தண்ணீரில்லாத பாலாற்றுப் பாலத்தில்
வேன் குலுங்கும்போதெல்லாம்
என் மடியில் கிராம்பு வாசனை.
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.